வீட்டிலே கலக்கும் பானம்: இனிப்புக்கும் கசப்புக்கும் அளவு உண்டு



தூத்துக்குடிச் சீமையிலே வெயிலுக்குப் பஞ்சமில்லை. உப்பளத்தில் உப்பு வாருகிறவர், வ.உ.சி. துறைமுகத்தில் சுமை ஏற்றி இறக்குகிறவர், வல்லத்திலும் விசைப்படகிலும் கடலுக்குப் போகிறவர், பனை ஏறுகிறவர், எல்லாருக்கும் உடம்பு நீர் வியர்வையாகப் போய்விடுகிறது. வீடு திரும்பியதும் கை முதலில் தேடுவது ஒரு டம்ளரைத்தான். அந்த டம்ளரிலே என்ன இருக்கிறது, எந்த அளவில் கலந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது குடும்ப நலம். கணவனும் மனைவியும் சேர்ந்து இதைப் படியுங்கள்.

நாக்கு என்ன சொல்கிறது?

இனிப்பு பட்டால் 'சக்தி தரும் பொருள் வருகிறது' என்று நாக்கு மகிழ்கிறது. கசப்பு பட்டால் உஷாராகிறது. செடி கொடிகளில் உள்ள நஞ்சுகள் பலவும் கசப்பாக இருப்பதே இதற்குக் காரணம். கைக்குழந்தை கசப்பைத் துப்புவதும் இதனால்தான். அதற்காக எல்லாக் கசப்பும் கெடுதல் என்று எண்ண வேண்டாம். பாகற்காயும் சுண்டைக்காயும் நல்ல உணவுகள்தானே? சித்திரை முதல் நாளில் வேப்பம்பூ, வெல்லம், மாங்காய் எல்லாம் சேர்த்துப் பச்சடி வைக்கிறோமே, அதுவும் சுவைகளைச் சமன் செய்யும் வித்தைதான்.

ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள். இனிப்பு கசப்பை மறைக்கும். கசந்த பொருளைப் போக்காது.

வெயிலுக்கு ஏற்ற பானகம்

கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர், தட்டிய கருப்பட்டி 100 கிராம், எலுமிச்சம்பழம் 1, சுக்குத்தூள் அரை டீஸ்பூன், ஏலக்காய் 2, உப்பு ஒரு சிட்டிகை. கருப்பட்டியைக் கரைத்து, தும்பும் மண்ணும் போக வடிகட்டிய பிறகே மற்றவற்றைச் சேருங்கள். நான்கைந்து பேருக்குத் தாராளமாகக் காணும்.

பழத்தைத் தோல் நசுங்கப் பிழியக் கூடாது. விதையும் விழக் கூடாது. தோலும் விதையும் கசப்பை இறக்கும். பிழிந்த சாற்றை வெகு நேரம் வைத்தாலும் கசப்பு ஏறும். கசந்துவிட்டதே என்று சீனியை அள்ளிக் கொட்டாதீர்கள். இன்னும் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுப் பாருங்கள். உப்பு கசப்பை அமட்டி, இருக்கிற இனிப்பை எடுத்துக் காட்டும். இரத்தக் கொதிப்பு உள்ளவருக்கு மட்டும் உப்பு வேண்டாம்.

குளிர்ச்சி கூடினால் இனிப்பு நாக்குக்குக் குறைவாகத் தெரியும். அதனால்தான் ஐஸ் போட்டுக் குடிக்கும் பாட்டில் கலர்களில் அவ்வளவு சர்க்கரை. கோலா வகைகளில் 100 மி.லி.க்கு ஏறத்தாழ 10 கிராம். 300 மி.லி. குடித்தால் ஆறேழு டீஸ்பூன் சீனி உள்ளே போகிறது!

'கருப்பட்டி சர்க்கரை நோய்க்காரருக்கு ஒண்ணும் செய்யாது' என்று சொல்வார்கள். அது தவறு. உடன்குடிக் கருப்பட்டியே ஆனாலும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். அவர்களுக்கு நீர்மோரே நல்லது.

பனையேறி காட்டும் பாடம்

பதநீர்க் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுகிறார்களே, எதற்கு? சாறு புளிக்காமல் இருக்கத்தான். சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். கூடினால் வாய் காந்தும். ஒரே மரம், ஒரே பாளை. தடவுகிற அளவில்தான் குழந்தைக்குக் கொடுக்கும் பானமும் போதை தரும் பானமும் பிரிகின்றன.

குழந்தைக்குப் பேதியானால்

பானகத்தில் ருசி பார்த்து அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். பேதியான குழந்தைக்குக் கலக்கும்போது அது கூடாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதன்மேல் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள். பொட்டலம் கைவசம் இல்லையா? கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர், சீனி 6 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். கரண்டியைத் தலை தட்டி அளக்க வேண்டும்.

குடலிலே சர்க்கரைதான் உப்பைக் கைபிடித்து உள்ளே அழைத்துப் போகிறது. அதன் பின்னால் தண்ணீரும் போகிறது. 1971-இல் வங்காள அகதி முகாமில் காலரா பரவியபோது டாக்டர் திலீப் மகலனோபிஸ் இப்படிப்பட்ட கரைசலைக் கொடுத்தே ஏராளமான உயிர்களைக் காத்தார். சீனி கூடினால் பேதி கூடும். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. கரைத்ததைத் தாய் வாயில் விட்டுப் பார்க்க வேண்டும். கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கொட்டிவிட்டு வேறு கலக்குங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். துத்தநாக மாத்திரையைச் சுகாதாரச் செவிலியர் சொல்கிறபடி 14 நாள் கொடுங்கள். குழந்தை துவண்டு போனால், கண் குழிந்தால், மலத்தில் இரத்தம் வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.

மதுவில் கலர் கலந்தால்?

1806-இல் அமெரிக்காவில் ஹட்சன் என்ற ஊரின் செய்தித்தாள் ஒன்று, 'காக்டெயில்' என்றால் சாராயம், சர்க்கரை, தண்ணீர், கசப்புச் சாறு இவற்றின் கலவை என்று விளக்கம் கொடுத்தது. இன்று நம்மூர் வீடுகளிலும் பாட்டில் கலரையோ பழச்சாற்றையோ மதுவில் ஊற்றிக் கலக்குகிறார்கள். 'கலந்துட்டாத்தான் காரம் போயிருச்சே, இதுல என்ன வந்துரப் போகுது?' என்கிறார்கள் சிலர்.

போனது நாக்குக்குத் தெரிகிற காரம் மட்டும். 180 மி.லி. பிராந்தியில் ஏறத்தாழ 77 மி.லி. சுத்தச் சாராயம் இருக்கிறது. கலர் ஊற்றினாலும் அதே 77. இளநீர் ஊற்றினாலும் அதே 77. 'போதும்' என்று எச்சரிக்கும் கசப்பை இனிப்பு மறைத்துவிடுவதால் கை அடுத்த டம்ளருக்குப் போகிறது. மது சிறுநீரை அதிகமாக்கும். வெயிலில் வற்றிய உடம்பு இன்னும் வற்றும். அந்த உடம்போடு விடியலில் படகு ஏறினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

எந்த அளவு மதுவும் பாதுகாப்பானது இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்தது. கர்ப்பிணிக்கு ஒரு மடக்கும் ஆகாது. 'இனிப்பாத்தான இருக்கு' என்று யாரும் ஊற்றிக் கொடுக்க வேண்டாம். கலந்த மீதியை டம்ளரோடு வைத்துவிட்டுத் தூங்காதீர்கள். கலர் என்று நினைத்துப் பிள்ளை குடித்துவிடும். கள்ளச் சாராயத்தைத் தொடவே தொடாதீர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மெத்தனாலை நாக்கால் கண்டுபிடிக்க முடியாது.

தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு வரலாம். ஆகவே அரசு மருத்துவமனைக்குப் போய் மருத்துவர் துணையோடு நிறுத்துங்கள். 104 என்ற எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். அம்மா, தனியாகச் சண்டை போட்டு ஓய்ந்துபோக வேண்டாம்; அவரோடு நீங்களும் போங்கள். ஐயா, மனைவி கூப்பிட்டால் கௌரவம் பார்க்காதீர்கள்.

நாளை வேலை முடிந்து வருகிறவருக்குப் பானகமோ நீர்மோரோ தயாராக இருக்கட்டும். முதலில் வீடு திரும்புகிறவர் யாரோ, அவரே கலந்து வைக்கலாம்!

அளவு அறிந்து கலப்போம்! குடும்ப நலம் காப்போம்!