காதுக்கு எது கவசம்?



பட்டாசு ஆலையிலோ, அச்சாபீஸிலோ வேலை முடிந்து வருபவர், "காது ஙொய்னு இரையுது" என்கிறாரா? அசட்டையாக இருக்காதீர்கள். உட்காதின் நுண்ணிய மயிரணுக்கள் இரைச்சலால் அழிந்தால் மறுபடி முளைக்காது. போன செவி போனதுதான்.

சம்பாதிக்கும் பிள்ளை 'சத்தம் குறைக்கும்' ஒயர்லெஸ் ஹெட்போன் வாங்கித் தரலாம். அது வெளிச்சத்தத்தை மைக்கில் வாங்கி, எதிர் அலை எழுப்பி அடக்குகிறது. பஸ் என்ஜின் போன்ற ஒரே சீரான இரைச்சலுக்கு ஏற்றது. திடீர் வெடிச்சத்தத்துக்கு அதை நம்பக் கூடாது. 1999 விதிப்படி 4 மீட்டரில் 125 டெசிபல் வரை வெடி ஒலிக்கலாம்!

எதை வாங்குவது?

1. மெஷின் ஓடும் இடத்துக்கு: எத்தனை டெசிபல் குறைக்கும் என்று அச்சிட்ட காதடைப்பான் அல்லது காதுமூடி. பஞ்சு போதாது.

2. பாட்டுக் கேட்க: காதை முழுக்க மூடும் ஹெட்போன். இரைச்சல் அடங்குவதால் சத்தத்தைக் கூட்ட வேண்டியதில்லை. வாரம் 40 மணி நேரம், 80 டெசிபல். அதற்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

3. மருந்து அறைக்குள்: பேட்டரி உள்ள எதையும் கொண்டு போகாதீங்க.

4. ரோட்டில்: எதுவும் மாட்டாதீங்க. லாரி ஹாரன் கேட்கணும்.

இரைச்சல் நீடித்தால் அரசு மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். காது கேட்கும்போதே காட்டுங்கள்!