கரும்புச் சக்கையும் கழனித் தீயும்

இல்லறத்தார்க்குரிய மூன்று குணவிரதங்களுள் ஒன்று அநர்த்த தண்ட விரதம். தேவையின்றி மண்ணைத் தோண்டுதல், நீரை இறைத்தல், தீ மூட்டுதல், செடிகொடிகளை வெட்டுதல் முதலியன அதனால் விலக்கப்பட்டன. அடுப்பும் விளக்கும் இன்றி இல்லறம் நடவாது; எனவே எத்தீ பயனுடையது, எத்தீ வீணானது என்பதே இல்லறத்தார் ஆராய வேண்டிய வினா. நம்மவர் பலர் பயிரிடும் கரும்பை வைத்து இதனைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

ஆலையில் 100 டன் கரும்பை ஆட்டினால் ஏறத்தாழ 30 டன் சக்கை மிஞ்சும். அதில் பாதி ஈரம். இச்சக்கையை எரித்தே சர்க்கரை ஆலைகள் நெடுங்காலம் ஓடின. ஆயினும் பழைய கொதிகலன்கள் குறைந்த அழுத்தத்தில்தான் நீராவி தந்தன. குவியும் சக்கையை எவ்வாறேனும் எரித்துத் தீர்த்தால் போதும் என்றிருந்தமையால், சிக்கனத்தை எவரும் நாடவில்லை.

உயர் அழுத்தக் கொதிகலன்கள் வந்தபின் நிலை மாறிற்று. சதுர சென்டிமீட்டருக்கு 60 கிலோவுக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் எழும் நீராவி முதலில் டர்பைனைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. அழுத்தம் தணிந்து வெளிவரும் அந்நீராவியே பின்னர்ச் சாற்றைக் காய்ச்சுகிறது. இதனை இணைமின் உற்பத்தி என்பர். தம் தேவை போக, ஆட்டும் ஒவ்வொரு டன் கரும்புக்கும் 100 யூனிட் அளவுக்கு வெளியே விற்கும் ஆலைகளும் உண்டு. அம்மின்சாரத்துக்காக நிலக்கரி தோண்ட வேண்டுவதில்லை. ஆனால் கரும்பு அரைவை ஆண்டு முழுதும் நடவாது. எஞ்சிய மாதங்களில் அதே கொதிகலனில் நிலக்கரி இடுவோரும் உளர். அதனையும் தூய மின்சாரம் என்று கூறுவது நமக்கு ஒப்பவில்லை.

சக்கை காகிதமாகவும் ஆகிறது. கரூரை அடுத்த காகிதபுரத்தில் 1984இல் உற்பத்தியைத் தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் அதனையே முதன்மை மூலப்பொருளாகக் கொண்டது.

ஆலையைவிட நமக்கு அண்மையிலுள்ளது கழனி. வெட்டு முடிந்தபின் ஏக்கருக்குச் சில டன் சோகை கிடக்கும். அதற்குத் தீ வைப்பது சிறுபொழுது வேலை. அத்தீயால் சமைப்பதுமில்லை, சக்கரம் ஒன்று சுழல்வதுமில்லை. புழு, பூச்சி, பல்லி, தரையில் கூடு கட்டிய பறவையின் குஞ்சு அனைத்தும் மாய்கின்றன. மண்ணுக்குத் திரும்ப வேண்டிய தழைச்சத்தும் புகையாய்ப் போகிறது. விளக்கில் பூச்சி விழுமென்று பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் குடும்பத்துக்கு இது எவ்வாறு பொருந்தும்?

ஆள் கிடைப்பதில்லை என்னும் மறுமொழி பொய்யன்று. சோகையைத் தூளாக்கும் கருவியை டிராக்டரில் பூட்டி ஓட்டலாம். ஊரார் சிலர் சேர்ந்து வாடகைக்கு எடுத்தால் செலவு தாங்கும். பார் இடைவெளியில் பரப்பிய சோகை ஈரத்தைக் காக்கும், களையை அடக்கும். பாய்ச்சும் முறை குறையும். மோட்டார் ஓடும் நேரமும் குறையும். உழவுக்கு மின்சாரம் கட்டணமின்றிக் கிடைப்பதால் இம்மிச்சம் நம் பணப்பையில் தெரியாது. எனினும் அம்மின்சாரத்தில் ஒரு பகுதிக்காக எங்கோ நிலக்கரி எரிகிறது.

மறுதாம்புப் பயிருக்கு இளம்பருவத்திலேயே இம்மூடாக்கு மிகவும் உதவும். ஆதலின் வெட்டு முடிந்து கட்டை சீவும்போதே, முளை எழும் இடத்தை மூடாதவாறு சோகையைப் பரப்பிவிடுதல் நன்று.