வழுக்கையாற்றங்கரை வனப்பும் வாழ்வும்

ஈழத் திருநாட்டின் சிரசெனத் திகழும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு ஒன்றேனும் இல்லை. நிலத்தின் அடியிற் சுண்ணாம்புக்கற் பாறை பரந்திருப்பதனால், பெய்யும் மழைநீர் கல்லின் வெடிப்புகளினூடாக விரைந்து கீழிறங்கிவிடுகின்றது. இத்தகைய நிலத்திலும் மாரிகாலத்தில் ஆறென ஓடி வலிகாமத்தை வளப்படுத்துவது வழுக்கையாறு ஆகும். தெல்லிப்பழை, அளவெட்டிப் பகுதிகளில் திரளும் வெள்ளம் கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி, வட்டுக்கோட்டை அயல்களைக் கடந்து, ஏறத்தாழ 16 கிலோமீற்றர் தூரம் சென்று, அராலியிற் கடனீரேரியுடன் கலக்கின்றது.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இக்கரையூர்களின் அழகு சொல்லுந்தரமன்று. குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பி வழிய, வாய்க்கால்கள் சலசலக்க, வயல்வெளி எங்கும் பச்சைக் கம்பளமாய் விரியும். வரம்புகளிற் கொக்கும் நாரையும் தவமிருக்கும். அப்பால் வரிசையாக நிற்கும் பனைகள் தேங்கிய நீரில் நிழலாடும். மார்கழி விடியலிலே திருவெம்பாவைப் பூசைக்கு அழைக்கும் சங்கும் சேமக்கலமும் பனிமூட்டத்தினூடே கேட்கும். தை பிறந்ததும் மொட்டைக்கறுப்பனும் பச்சைப்பெருமாளும் விளைந்த வயல்களிற் கதிர் தலைசாயும். தைப்பூசத்தன்று புதிர் எடுத்து, புத்தரிசிச் சோற்றை இறைவனுக்குப் படைத்த பின்னரே உண்பது இவ்வூரவர்களின் மரபாகும்.

நீர் நின்ற இடத்திற் குடி நின்றது. குடி நின்ற இடத்திற் கோயிலும் கலையும் நின்றன. கந்தரோடையில் 1917 முதல் 1919 வரை போல் ஈ. பீரிஸ் அவர்களும், 1970 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தினரும் செய்த அகழ்வுகள், அங்கு மிகத் தொன்மையான குடியிருப்பு இருந்தமையைக் காட்டின. சண்டிலிப்பாய்க் கல்வளைப் பிள்ளையார் மீது நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் கல்வளையந்தாதி பாடினார். ஆடிப்பிறப்புப் பாடலைத் தந்த சோமசுந்தரப் புலவர் (1878 - 1953) நவாலியூரர். தவில்மேதை தெட்சணாமூர்த்தி (1933 - 1975) வாழ்ந்த அளவெட்டி, நாதஸ்வர தவிற் கலைக்குப் பெயர்பெற்ற ஊராகும்.

பங்குனி வெயிலில் ஆற்றுப்படுக்கை வரண்டு மாடுகள் மேயும் தரையாகிவிடும். அதனைக் காண்போர் ஆறு முடிந்துவிட்டது என எண்ணுவர். உண்மையில் ஆறு அப்போது கிணறுகளிலே இருக்கின்றது. மாரியில் நிலத்துட் சென்ற நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கின்றது. வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டங்களுக்கு இறைப்பதும், குடிப்பதும், சுவாமிக்கு அபிஷேகஞ் செய்வதும் இந்நீரே. மழைநீர் தங்கும் காலம் குறைந்தாலோ, இயந்திரத்தால் அளவின்றி இறைத்தாலோ, நன்னீர் மெலிந்து உவர்நீர் மேலெழும்.

1990 ஆம் ஆண்டிலும் 1995 ஒக்ரோபர் இறுதியிலும் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தனர். ஆளில்லாத ஊரில் குளந்தூர்ப்பாரும் இல்லை, வாய்க்கால் வெட்டுவாரும் இல்லை. மீண்டு வந்தோர் வீடுகளையும் கோயில்களையும் மீளக் கட்டியெழுப்பினர். அதே கவனம் ஆற்றுக்கும் கிடைத்தல் வேண்டும். வாய்க்காலை நிரவி மதில் எழுப்பினால் அடுத்த மாரியில் வெள்ளம் முற்றத்துக்கு வரும். கோடையிற் கிணறு உவர்க்கும். ஆற்றில் எறியும் கழிவின் நஞ்சு கல்வெடிப்பின் வழியே கிணற்றை அடையும். அளவுக்கு மிஞ்சி இடும் உரத்தின் நைத்திரேற்றும் அவ்வாறே சேரும். அது கைக்குழந்தைகளுக்குக் கேடானது.

இதற்கான பரிகாரம் ஊரவர் கையிலேயே உள்ளது. புரட்டாதி முடியுமுன் ஒவ்வொரு குறிச்சியினரும் சிரமதானமாகத் தத்தம் பகுதி வாய்க்காலையும் மதகையும் துப்புரவு செய்யலாம். மகோற்சவ காலத்தில் தண்ணீர்ப்பந்தலிலும் அன்னதானத்திலும் சேரும் பொலித்தீனும் குவளைகளும் ஆற்றை அடையாது காப்பது ஆலயத்தாரின் கடமையாகும். தோட்டஞ் செய்வோர் உரத்தையும் இறைப்பையும் அளவோடு வைத்துக்கொள்ளலாம். கோயிற் கேணியை மிதியடியுடன் மிதிக்க அஞ்சும் அடியார்கள், அக்கேணிக்கு நீரூட்டும் ஆற்றையும் அவ்வாறே போற்றுதல் தகும்.

மாரி பொய்யாது பெய்யவும், வழுக்கையாறு தடையின்றி ஓடவும், கரையூர்கள் செழிக்கவும் எல்லாம்வல்ல இறைவன் திருவருள் துணைநிற்பதாக.

சுபம்.