ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஒரு நிழல்

கேள்வி: எனக்கு வயது 57. நெஞ்செரிச்சலுக்காக வயிற்று ஸ்கேன் எடுத்தேன். பித்தப்பையில் 9 மி.மீ. கல் என்றும், கூடவே ‘போஸ்டீரியர் அகூஸ்டிக் ஷேடோயிங்’ என்றும் எழுதியிருக்கிறார்கள். சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் மகன், “ஷேடோயிங்கா? கோடில் அது வந்தால் தலைவலிதான்” என்கிறான். மருமகளோ, புது ஆபீஸில் சீனியர் கூடவே இருந்து வேலை பழகுவதை அப்படிச் சொல்கிறாள். எனக்கு வந்திருப்பது இன்னொரு நோயா, டாக்டர்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இல்லை அம்மா. உங்களுக்கு இருப்பது கல் மட்டும்தான். அந்த நிழல், அது கல்தான் என்பதற்குச் சாட்சி.

ஸ்கேன் கருவி அனுப்புவது காதால் கேட்க முடியாத ஒலி. வயிற்றுக்குப் பெரும்பாலும் 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ். அது உறுப்புகளில் பட்டுத் திரும்புவதை வைத்தே படம் உருவாகிறது. கல்லில் பட்ட ஒலியில் ஒரு பங்கு திரும்பிவிடும், மிச்சத்தைக் கல்லே விழுங்கிவிடும். பின்னால் ஒலியே போய்ச் சேராததால், திரையில் வெள்ளைப் புள்ளிக்குக் கீழே கறுப்புப் பட்டை விழும். பித்தப்பைச் சுவரில் வளரும் பாலிப்பும் வெள்ளையாகத் தெரியும். ஆனால் அதற்கு இந்த நிழல் கிடையாது. உங்களை இடப்பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்லியிருந்தால், அதுவும் இதற்காகத்தான் இருக்கும்: கல் உருளும், பாலிப் ஒட்டிய இடத்திலேயே நிற்கும். மிகச் சிறிய கல் நிழல் காட்டாமலும் போகலாம். குடல் வாயுவின் நிழலோ கலங்கலாக இருக்கும். மற்றவர்களுக்கு நிழல் தொல்லை. நாங்கள் அதைத் தேடிப் பார்க்கிறோம்.

மகன் சொல்வது, கோடின் உட்பகுதியில் அறிவித்த மாறி (வேரியபிள்) அதே பெயருள்ள வெளி மாறியை மறைத்துவிடுவது. எப்போதும் தலைவலி இல்லை. ரஸ்ட் மொழியில் வேண்டுமென்றே செய்வார்கள். கட்டடம் செல்போன் சிக்னலை மறிப்பதற்கும் இதே பெயர். எங்கள் நிழலுக்கு நெருங்கிய சொந்தம் அதுதான். மருமகள் சொல்வது பின்தொடரும் வகை. உளவியலிலும் அது உண்டு. 1953-இல் காலின் செர்ரி, இரு காதுகளிலும் வெவ்வேறு பேச்சை ஓடவிட்டு, ஒன்றை மட்டும் கூடவே திருப்பிச் சொல்லவைத்தார். மறு காதில் ஆங்கிலம் ஜெர்மனாக மாறியதுகூடக் கேட்டவர்களுக்குத் தெரியவில்லை!

உங்கள் நெஞ்செரிச்சலைக் கல்லின் தலையில் கட்டிவிடாதீர்கள். அதற்குத் தனியாக மருத்துவம் பாருங்கள். தொந்தரவு தராத கல்லுக்குப் பெரும்பாலும் ஆபரேஷன் வேண்டாம். வலது விலாவுக்குக் கீழே வலி வந்து மணிக்கணக்கில் நீடித்தாலோ, காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ சேர்ந்தாலோ, இந்த ரிப்போர்ட்டோடு அன்றே சர்ஜனைப் பாருங்கள்.