தாழ்வாரத்தில் ஒரு கேள்வி

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஒரு குடும்பம் அமர்ந்திருக்கிறது. சற்று முன்புதான் அவ்வீட்டுப் பெரியவர் காலமானார். அவர்களை நோக்கி ஒருவர் மெல்ல வருகிறார். அவர் மருத்துவர் அல்லர். கண் வங்கியின் ஆற்றுப்படுத்துநர். ஐதராபாத்திலுள்ள இராமாயம்மா பன்னாட்டுக் கண் வங்கி போன்றவை, பெரிய மருத்துவமனைகளில் இத்தகையோரை அமர்த்தியுள்ளன.

"ஐயாவின் கண்களைத் தானமாக அளிக்க இசைவீர்களா?" என்பதே அவர் கேட்கவேண்டிய கேள்வி. எப்போது கேட்பது? உடனே கேட்டால் வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியது போலாகும். காலம் தாழ்த்தினாலோ பயனில்லை. இறந்து 6 மணி நேரத்திற்குள் கண்களை எடுத்தல் வேண்டும். கண்ணின் முன்புறத்தில், அரை மில்லிமீட்டர் பருமனே உடைய தெளிந்த படலம் கார்னியா. அது மங்கிப் பார்வை இழந்தோர்க்கு, இறந்தவர் கண்ணிலிருந்து பெற்ற படலத்தைப் பொருத்திப் பார்வையை மீட்கின்றனர்.

ஆயினும் அவர் அவசரப்படுவதில்லை. அருகில் அமர்கிறார். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என வினவுகிறார். உடலைப் பெற்றுச் செல்வதற்குரிய தாள்களை நிரப்ப உதவுகிறார். அவர்களுடைய தாய்மொழியிலேயே பேசுகிறார். (அயல் மாநிலத்தில் வாழும் நமக்கு அதன் அருமை நன்கு தெரியும்.) பிறகே கேட்கிறார்.

"அப்பாவின் முகம் சிதைந்துவிடுமா?" என்கிறாள் மகள்.

"இல்லை அம்மா. ஏறத்தாழ 20 நிமிடங்களில் முடிந்துவிடும். இமைகள் மூடியபடியே இருக்கும்."

"அவர் கண்ணாடி அணிந்தவராயிற்றே?"

"அதனால் தடையில்லை."

"அடுத்த பிறவியில் பார்வையின்றிப் பிறப்பாரோ?" என்று பெரியவரின் மனைவி முணுமுணுக்கிறார். இதற்கு மருத்துவ நூலில் விடையில்லை. ஆற்றுப்படுத்துநர் நகைக்கவில்லை, வாதிடவும் இல்லை. "கொடுத்தவரை எந்தத் தெய்வம் தண்டிக்கும், அம்மா?" என்று மட்டும் சொல்கிறார்.

உறுப்புகளை விற்பதும் வாங்குவதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். எனவே பணத்தைக் காட்டி எவரையும் இணங்கச் செய்ய இயலாது. இறந்தவர் முன்னரே உறுதிமொழி எழுதியிருப்பினும், குடும்பத்தாரின் இசைவைக் கேட்டே கண்களை எடுக்கின்றனர். சிலர் "வேண்டாம்" என்பர். அப்போது அவர் வற்புறுத்துவதில்லை. நிரப்பத் தொடங்கிய தாளை முடித்துக் கொடுத்துவிட்டே எழுகிறார்.

இங்கோ நெடுநேர அமைதி. பின்னர்த் தாய் தலையசைக்கிறார். மகள் கையொப்பமிடுகிறாள். பெரியவர் மறைந்து 4 மணி நேரம் கடந்திருக்கிறது.

சிந்தித்து எழுதுக:
1. ஆற்றுப்படுத்துநர் முதலில் தாள்களை நிரப்ப உதவியது ஏன்?
2. மகளின் இடத்தில் நீ இருந்திருந்தால் வேறு என்ன கேட்டிருப்பாய்?