வீட்டைக் கூட்டிக் கட்டுதல்: குழாய் முந்தியோ, அத்திவாரம் முந்தியோ?

மலைநாட்டிலே வீட்டை ஒரே முறையிற் கட்டி முடிப்பவர் சிலரே. முதலில் இரண்டு அறையும் ஓர் அடுக்களையும் எழும். பிள்ளைகள் வளர்ந்தபின் மூன்றாம் அறை. பெற்றோர் முதுமையுற்று, இரவிலே படியிறங்கி மலசலகூடத்துக்குச் செல்ல இயலாத காலம் வரும்போது, குளியலறையோடு கூடிய மற்றோர் அறை. வெலிமடை நகர்ப்புறத்து வீடுகளுக்கும் இதுவே வரலாறு. தோட்டங்களில் 7 பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடியாக எழுந்த புதிய வீடுகளுக்கும் இதுவே வரலாறாகும். ஆண்டுக்கணக்காய்ச் சேர்த்த பணம் இவ்வேலையில் மண்ணுக்குள் இறங்குகின்றது. மண்ணுக்குள் இறங்கியதைத் திருத்துதல் சுவரைத் திருத்துவது போன்றதன்று.

குழாயை முதலிற் புதைப்பதா, அத்திவாரத்தை முதலில் இடுவதா என்று மாணவரும் பழைய மாணவரும் நம்மிடம் வினவுவதுண்டு. இரண்டுக்கும் முந்தியது மட்டம் பார்த்தலே. பழைய மலக்குழிக்குட் குழாய் நுழையும் இடத்தைத் தோண்டி வெளிப்படுத்தி, அதன் அடிமட்டத்தை அளந்து கொள்ளல் வேண்டும். 4 அங்குலக் கழிவுக் குழாய்க்கு ஓர் அடிக்குக் கால் அங்குலம் சரிவு நன்று. 24 அடி தூரமாயின் 6 அங்குலம் தாழ வேண்டும். நம் ஊரில் புதிய அறை பெரும்பாலும் சரிவின் கீழ்ப்பக்கத்திலேயே அமைகின்றது. அதன் தளம் பழைய தளத்தினும் தாழ்ந்திருப்பின், கழிவு பழைய குழிக்கு ஏறிச் செல்லுமோ? தளத்தை உயர்த்துவதா, கீழே புதுக்குழி வெட்டுவதா என்பதை அத்திவாரத்துக்குக் கயிறு பிடிக்கு முன்னரே தீர்மானித்து, அதனை வரைபடத்திற் காட்டிப் பிரதேச சபையின் அனுமதியையும் பெறல் வேண்டும்.

இனி அத்திவாரம். பழைய சுவரை ஒட்டித் தோண்டும்போது அவசரம் ஆகாது. பழைய அத்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே முழுநீளத்துக்கும் ஒருசேர வெட்டினால், அச்சுவர் தாங்குவாரின்றி நிற்கும். நாலடி வெட்டிக் கட்டி, இடையில் நாலடி விட்டு, கட்டியது இறுகியபின் விட்டதை வெட்டுதலே முறை. புதிய கட்டடம் தன் பாரத்தால் சிறிது அமரும். பழையதோ முன்னரே அமர்ந்துவிட்டது. ஆதலின் இரண்டின் இணைப்பில் குழாயைச் சீமெந்தால் இறுகப் பூசாது, றப்பர் வளையம் இட்ட மூட்டினாற் பொருத்துதல் நலம்.

அத்திவாரத்தின் பாரம் மண்ணில் நேர்கீழாக மட்டும் இறங்குவதில்லை; ஏறக்குறைய 45 பாகை சாய்ந்து பக்கங்களிலும் பரவுகின்றது. அவ்வெல்லைக்குள் குழாய்ப் பள்ளம் புகுதல் கூடாது. அத்திவாரம் இரண்டரை அடி ஆழம், அதற்கு இணையாக ஓடும் பள்ளம் நாலடி ஆழம் எனக் கொள்வோம். பள்ளம் ஒன்றரை அடி மிகுதியாய் ஆழ்கின்றது. ஆகவே அதன் விளிம்பு அத்திவாரத்தின் விளிம்பிலிருந்து ஒன்றரை அடிக்குக் குறையாமல் விலக வேண்டும். இடமில்லையெனின், அவ்விடத்தில் மட்டும் குழாயே முந்தும்: குழாயை இட்டு, அத்திவாரத்தின் அடிமட்டம் வரை மெலிந்த கொங்கிரீட்டால் நிரப்பி, அதன் பின்னரே கல் வைத்தல் வேண்டும்.

குழாய் அத்திவாரச் சுவரை ஊடறுக்கும் இடத்தில் மேசன்மார் செய்வது பெரும்பாலும் ஒன்றே: சுவரை முழுதும் கட்டிவிட்டுப் பின்னர்ச் சுத்தியலும் உளியும் எடுப்பது. கருங்கற் சுவரில் ஒரு கல்லை இடித்தெடுத்தால் அயலிலுள்ள நாலு கற்களின் பிடி தளரும். கட்டும்போதே 6 அங்குலக் குழாய்த் துண்டொன்றைக் குறித்த மட்டத்தில் வைத்து, மேலே சிறு கொங்கிரீட்டுப் பாளம் இட்டுவிட்டால், 4 அங்குலக் குழாய் பின்னர் அதனூடே எளிதாகச் செல்லும். சுற்றியுள்ள இடைவெளியை மென்பொருளால் அடைக்கலாம். சுவர் சிறிது அமர்ந்தாலும் குழாய் நசுங்காது.

அத்திவாரம் எழுந்தபின் உட்புறத்தை மண்ணிட்டு நிரப்புவர். குழாயை முன்னரே கிடத்தி அதன்மேல் மண் கொட்டுவது பிழை. திமிசு அடியில் அது வெடிக்கும். வெடிக்காவிடினும் மண் அமர, சரிவு கெடும். மண்ணை 6 அங்குலப் படைகளாக நனைத்து இறுக்கிக் குழாய் மட்டத்துக்கு மேலே உயர்த்தி, பின் அவ்விறுகிய மண்ணிலேயே பள்ளம் வெட்டி, மணற்படுக்கையிற் குழாயைக் கிடத்துக. கீழ்முனையை அடைத்து, மேல்முனையில் நிமிர்ந்த குழாயொன்றைப் பொருத்தி நீர் நிரப்பி, நீர்மட்டத்துக்குக் கோடிட்டுப் பார்த்தால், கசிவு தன்னைத்தானே காட்டிக் கொடுக்கும். இச்சோதனைக்கு அரைநாள் செல்லும். இதைத் தவிர்த்து, காய்ந்து மெழுகிய தளத்தை மறுமாதமே உடைத்தோரை நாம் கண்டிருக்கிறோம். குடிநீர்க் குழாயைக் கழிவுக் குழாயோடு ஒரே பள்ளத்தில் நெருக்கி இடற்க. கழிவுக்கு மேலாகவும் விலகியும் செல்லட்டும். தளத்துக்கு அடியில் அதற்கு மூட்டு வேண்டாம்.

காலமும் கருதற்பாலது. வெலிமடைக்கு வடகீழ்ப் பருவமழையே பெருமழை. அத்திவாரப் பள்ளத்தை ஐப்பசியிலே திறந்துவைத்தால், அடிமண் குழைந்து சேறாகும். அச்சேற்றின்மேற் கல் வைத்தல் வீண். யூன் முதல் ஆகத்து வரையுள்ள வறண்ட காற்றுக்காலமே ஏற்றது.

பொசிவுக்குழி எங்கு அமைய வேண்டுமென்பது இங்கே வெறும் வசதிக் கேள்வியன்று. வெட்டி நிறுத்திய மண்மேட்டின் தலையில் அதனை அமைத்தால், நாள்தோறும் ஊறும் நீர் மேட்டின் பிடியைத் தளர்த்தும். சரிவது நம் வீடாகவும் இருக்கலாம், கீழ்வீட்டாரின் அடுக்களையாகவும் இருக்கலாம். இதே பதுளை மாவட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தைத் தோட்டத்து லயன்களை மண் மூடியது. அது பெருமழையால் நேர்ந்தது, ஒரு வீட்டுக் குழியாலன்று. எனினும் நீர் ஊறிய மண் எத்தகையதென்பதை நாம் மறப்பதற்கில்லை. மண்சரிவு அபாயமுள்ள இடமாயின், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் கருத்தைப் பெற்ற பின்னரே மண்வெட்டியைத் தொடவேண்டும். நீர் மிகுவது மட்டுமன்று, நீர் வற்றுவதும் தீங்கே. உமா ஓயாத் திட்டச் சுரங்கத்துள் 2014 டிசம்பரில் நிலத்தடி நீர் பெருகிப் பாய்ந்தபோது, பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. பழைய வீட்டில் அத்தகைய வெடிப்பு இருப்பின், அதன் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டொன்றைச் சீமெந்தால் ஒட்டிச் சில மாதம் பார்த்திருங்கள். கண்ணாடி உடைந்தால் நிலம் இன்னும் அசைகின்றது. அவ்விடத்திற் புதுவேலை தொடங்கலாகாது.

தளக் கொங்கிரீட்டு இடுமுன் ஒரு வேலை எஞ்சியுள்ளது. குழாய் செல்லும் வழி, ஆழம், மூட்டுக்களின் இடம் ஆகியவற்றைச் சுவர் மூலைகளிலிருந்து அளந்து ஒரு தாளிற் குறித்து, கைத்தொலைபேசியிற் படமும் எடுத்து, தாளைக் காணி உறுதியோடு சேர்த்து வைக்க. அடுத்த அறை கட்டப்போகும் மகனுக்கு அது வேண்டியிருக்கும்.