முட்டை மட்டுமே உண்ணும் பாம்பு

விதர்பாப் பகுதியில் ரயில்வேயில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் நான். தண்டவாள ஓரத்தில் பாம்பு தென்படாத மழைக்காலமே கிடையாது. ஓர் இரவு, கேட் அறை வாசலில் கறுப்பாக ஒரு சிறு பாம்பு நெளிந்தது. "மண்யார், சாஹேப்!" என்று கூவினார் கேங்மேன். மராத்தியில் கட்டுவிரியனுக்கு அதுதான் பெயர். அடித்துவிடு என்று சொன்னவன் நான்தான்.

விடிந்தபின் பார்த்தால், அதன் முதுகு நெடுக வெளிர்நிறக் கோடு ஒன்று ஓடியது. கட்டுவிரியனுக்கு அப்படி இருக்காதே என்று மனம் உறுத்தியது. ஓய்வு பெற்ற பிறகு பாம்புகளைப் பற்றிப் படித்தபோதுதான், அது இந்திய முட்டை உண்ணிப் பாம்பாக இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

1863ஆம் ஆண்டு டென்மார்க் விஞ்ஞானி ரெயின்ஹார்ட் இதை முதன்முதலில் விவரித்தார். அந்தப் பாம்பு கிடைத்தது இன்றைய பங்களாதேஷிலுள்ள ரங்பூரில். அதன்பின் மிக அரிதாகவே காணப்பட்ட இப்பாம்பு, 2003இல் நம் வர்தா மாவட்டத்தில் மீண்டும் கிடைத்தது. குஜராத், தெலங்கானா ஆகிய மாநிலங்களிலும் பதிவாகியுள்ளது. 2018இல் வெளியான மரபணு ஆய்வு, இது பூனைப் பாம்புகளின் இனத்தைச் சேர்ந்தது என்று காட்டியது.

இதன் உணவு பறவை முட்டை. பல்லால் கடிக்காமல் முழுசாக விழுங்கும். கழுத்துப் பக்கத்து முதுகெலும்புகளின் அடியிலிருந்து கூரிய முனைகள் உணவுக்குழாய்க்குள் நீண்டிருக்கும். தசைகள் இறுக, ஓடு அம்முனைகளில் பட்டு உடையும். தொண்டைக்குள்ளேயே ஒரு பாக்குவெட்டி! ஆப்பிரிக்காவில் வேறொரு கிளையைச் சேர்ந்த முட்டை உண்ணிப் பாம்புகளுக்கும் இதே அமைப்பு உண்டு. அவை வெற்று ஓட்டைக் கக்கிவிடும். ஒரே வேலைக்கு ஒரே கருவியை இயற்கை இரண்டு இடங்களில் தனித்தனியே செய்திருக்கிறது.

மனிதருக்கு இதனால் ஆபத்தில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றது இது. ஆனாலும் இருட்டில் வேறொன்றாக எண்ணி அடிபட்டுச் சாகிறது.

குழந்தைகளுக்கு ரயில்வே பாணியில் ஓர் அடையாளம் சொல்கிறேன். கட்டுவிரியனின் வெள்ளைப் பட்டைகள் ஸ்லீப்பர் கட்டைகள் போல உடலின் குறுக்கே இருக்கும். முட்டை உண்ணியின் கோடு தண்டவாளம் போல நெடுக்காக ஓடும். இதை நம்பிக் கையில் எடுத்துவிடாதீர்கள். கட்டுவிரியன் கடி உயிரைப் பறிக்கும். எட்டி நின்று, வனத்துறைக்கோ பாம்பு பிடிக்கத் தெரிந்தவருக்கோ சொல்லி அனுப்புங்கள். கம்பைத் தேடாதீர்கள்.

அன்று நான் அதைச் செய்யவில்லை.